கண்ணாடி இழையும் கண்ணுக்குத் தெரியாத தூசியும்



சாலையோரத்தில் மண் தோண்டும் இயந்திரம் வேலை செய்து முடித்த மறுநாள், "நேற்றிலிருந்து இணையம் வரவில்லை" என்று ஊரில் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மண்ணுக்கடியில் சென்ற ஒளியிழை வடம் அறுந்திருக்கும். சற்று நேரத்தில் அங்கே ஒரு வண்டி வந்து நிற்கும். தார்ப்பாய் நிழலில் ஒருவர் சிறு முக்காலியில் அமர்ந்து, சாப்பாட்டுப் பெட்டி அளவுள்ள ஒரு கருவியின் முன் குனிந்திருப்பார். வழிப்போக்கர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இழையை ஒட்டும் வேலை சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அவர் எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கிறார். இழையைத் துடைக்கிறார், கருவியின் உள்ளே பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைக்கிறார், வெட்டும் கத்தியைத் துடைக்கிறார், மறுபடியும் இழையைத் துடைக்கிறார்.

இவ்வளவு துடைப்பு எதற்கு? வெறும் தொழில் பழக்கமா? இல்லை. அவருடைய ஒவ்வொரு துடைப்புக்கும் பின்னால் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல் நிற்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

தூய்மையில் பிறந்த தொழில்நுட்பம்

ஒளியிழையின் அடிப்படைத் தத்துவம் உங்களுக்குத் தெரிந்ததே. அடர்மிகு ஊடகத்திலிருந்து அடர்குறை ஊடகத்தை நோக்கிச் செல்லும் ஒளி, மாறுநிலைக் கோணத்தைவிட மிகுந்த கோணத்தில் எல்லையை அடையும்போது வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புகிறது. இதுவே முழு அக எதிரொளிப்பு. ஒளியிழையின் நடுவில் ஓர் உள்ளகம் இருக்கிறது. அதைச் சுற்றி ஓர் உறை. இரண்டும் கண்ணாடியே. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் உறையைவிடச் சற்றே, அதாவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே, கூடுதலாக இருக்கும். உள்ளகத்தில் செலுத்தப்பட்ட ஒளி அதிலேயே சிறைப்பட்டுச் செல்வதற்கு இச்சிறு வேறுபாடே போதும்.

ஆனால் தத்துவம் தெரிந்திருந்தும் நெடுங்காலம் ஒளியிழை தொலைத்தொடர்புக்குப் பயன்படவில்லை. கண்ணாடி ஒளியை விழுங்கிவிட்டது. 1966ஆம் ஆண்டில் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒளியை விழுங்குவது கண்ணாடியின் இயல்பு அன்று, அதில் கலந்துள்ள மாசுகளே காரணம் என்றும், மாசு நீங்கினால் ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்பு என்ற அளவை எட்டலாம் என்றும் அவர்கள் கூறினர். 20 டெசிபெல் என்றால், புகுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்கு வெளியே வரும் என்று பொருள். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்து அறிவியலார் இந்த இலக்கை எட்டினர். காவ் அவர்களுக்கு 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான். ஒளி பாதியாகக் குறைவதற்கு 15 கிலோமீட்டர் செல்ல வேண்டும்! ஜன்னல் கண்ணாடியை 15 கிலோமீட்டர் தடிமனுக்கு அடுக்கினால் அதன் மறுபுறம் என்ன தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் அவ்வளவு பாடுபட்டுக் கண்ணாடியைத் தூய்மை செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பையெல்லாம் தெருவோரத்தில், ஓர் இணைப்பில், ஒரு தூசி வீணாக்கிவிடக் கூடும். எப்படி என்று பார்ப்போம்.

அளவுகளைப் பாருங்கள்

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். உங்கள் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். ஒளியிழையின் மேற்பூச்சாக இருக்கும் பிளாஸ்டிக்கை உரித்தபின் எஞ்சும் கண்ணாடியின் விட்டம் 125 மைக்ரான். முடியைவிடச் சற்றுத் தடிப்பு, அவ்வளவே. ஆனால் ஒளி செல்லும் உள்ளகம் இருக்கிறதே, நெடுந்தொலைவு இழைகளில் அதன் விட்டம் ஏறக்குறைய 9 மைக்ரான் மட்டுமே. உங்கள் இரத்தத்தில் ஓடும் சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரான். ஆகவே ஒரு சிவப்பணுவைவிடச் சற்றே பெரிய வாயில் ஒன்றை, அதே அளவுள்ள மற்றொரு வாயிலுக்கு நேர் எதிரே நிறுத்தி ஒட்ட வேண்டும். இதுதான் அந்தத் தார்ப்பாய் நிழலில் நடக்கும் வேலை.

ஒட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஸ்டிரிப்பர் என்ற உரிப்பானால் மேற்பூச்சை நீக்குவார்கள். வெற்றுக் கண்ணாடியை ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைப்பார்கள். பிறகு கிளீவர் என்ற வெட்டியால் நுனியை நேராக வெட்டுவார்கள். இரு துண்டுகளையும் ஸ்பிளைசிங் மெஷினில், ஆங்கில எழுத்து 'வி' போன்ற வடிவமுள்ள நுண்ணிய பள்ளங்களில் எதிரெதிராகப் படுக்க வைப்பார்கள். இரண்டு டங்ஸ்டன் மின்முனைகளுக்கு இடையே மின்வில் எரியும். அதன் வெப்பத்தில் இழை நுனிகள் ஏறத்தாழ 2,000 பாகை செல்சியஸை எட்டி உருகி ஒன்றாகிவிடும். கடைசியில் வெப்பத்தால் சுருங்கும் சிறு குழாய் ஒன்றை இணைப்பின்மேல் போர்த்துவார்கள். அதனுள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி, இணைப்பு வளைந்து முறியாமல் காக்கும்.

ஒரு மைக்ரான் விலகினால் என்ன?

இரு உள்ளகங்களும் நேருக்கு நேர் அமையாமல் பக்கவாட்டில் சற்று விலகிவிட்டன என்று கொள்வோம். நெடுந்தொலைவுத் தொடர்பில் பயன்படும் 1,550 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிக்குக் கணக்கிட்டால், ஒரு மைக்ரான் விலகலுக்குச் சுமார் 0.16 டெசிபெல் இழப்பு வருகிறது. விலகல் இரண்டு மைக்ரான் ஆனால் இழப்பு இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 0.64 டெசிபெலை எட்டுகிறது. விலகலின் இருமடிக்கு ஏற்ப இழப்பு வளர்வதே காரணம். ஐந்து மைக்ரான் விலகினால் இழப்பு 4 டெசிபெல். அதாவது நூறு பங்கு ஒளியில் அறுபது பங்கு அந்த ஓர் இடத்திலேயே வெளியேறிவிடும்.

"0.3 டெசிபெல் எல்லாம் ஒரு இழப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் தொலைவுள்ள இரு நிலையங்களுக்கு இடையே, 4 கிலோமீட்டர் நீளமுள்ள 20 வடங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொண்டுபோகிறோம். இடையே 19 இணைப்புகள் வரும். ஒவ்வொன்றும் 0.05 டெசிபெல் இழப்புள்ள நல்ல இணைப்பாக இருந்தால், எல்லாம் சேர்ந்து ஒரு டெசிபெலுக்கும் குறைவு. இணைப்புகளைக் கடந்து நூற்றுக்கு 80 பங்கு ஒளி போய்ச் சேரும். ஒவ்வொன்றும் 0.3 டெசிபெல் ஆகிவிட்டால் மொத்தம் 5.7 டெசிபெல், நூற்றுக்கு 27 பங்குதான் தேறும். கண்ணாடி விழுங்குவது வேறு. மறுமுனையில் உள்ள ஏற்பிக்கு அதற்குப் பின் ஒளி போதுமா என்பதே கேள்வி.

இப்போது பள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து மைக்ரான் தடிப்புள்ள ஒரு தூசி கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டாது. அதன்மேல் இழை படுத்தால், தண்டவாளத்தில் கல் வைத்தாற்போல் இழை ஒரு பக்கம் எழும்பிவிடும். எதிர்ப்புறத்து இழை தன் இடத்திலேயே இருக்கும். விலை மிகுந்த கருவிகள், நுண்ணோக்கிக் காமிராக்களால் உள்ளகங்களையே பார்த்து, சிறு மோட்டார்களால் இழைகளை நகர்த்தி நேராக்கும். ஆயினும் அந்த நகர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. எளிய கருவிகளில் பள்ளம் நிலையானது. அங்கே பள்ளம் சொன்னதுதான் நேர்.

ஊதினால் போகாதா?

தூசி படிந்தால் வாயால் ஊதுவது நம் வழக்கம். பலகையின்மேல் கிடக்கும் சுண்ணாம்புக்கட்டித் தூள் ஊதினால் பறக்கிறது. பள்ளத்தில் உள்ள தூசி மட்டும் ஏன் பறப்பதில்லை?

விடை பருமனில் இருக்கிறது. ஒரு துகளின் எடை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப அமையும். ஆனால் துகளுக்கும் பரப்புக்கும் இடையே மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் ஒட்டுவிசை ஏறத்தாழ விட்டத்துக்கு நேர்விகிதத்திலேயே அமைகிறது. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகும்; ஒட்டுவிசையோ பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறையும். எடையோடு ஒப்பிட்டால் ஒட்டுவிசை நூறு மடங்கு ஓங்கிவிட்டது! மணல் துகளைக் கவிழ்த்தால் விழுந்துவிடும். மைக்ரான் அளவுள்ள தூசியோ கூரையில் பல்லி போல ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பரப்பை ஒட்டி வீசும் காற்று, பரப்புக்கு மிக அருகில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மேலே வேகமாக ஊதினாலும் அந்த மெல்லிய அமைதியான படலத்துக்குள் ஒளிந்துகொண்ட சிறு தூசிக்கு ஒன்றும் ஆகாது. ஆற்றில் வெள்ளம் பாயும்போது பாறையோடு ஒட்டிய பாசி அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்றதே இதுவும். அதற்கு மேல், வாயால் ஊதினால் எச்சில் துளிகளும் ஈரமும் சேர்ந்து போய் விழும். ஒரு தூசியை விரட்டப் போய்ப் பத்து அழுக்கைச் சேர்த்த கதையாகும்.

கடையில் கிடைக்கும் அடைத்த வாயுக் குப்பிகளால் ஊதலாமா? கூடாது என்று கருவி உற்பத்தியாளர்கள் எச்சரிக்கிறார்கள். அக்குப்பிகளில் உள்ள வாயு உள்ளே தங்கி மின்வில்லின் வெப்பத்தில் சிதைந்தால் நச்சுப்பொருள்கள் உண்டாகலாம். சில வாயுக்கள் தீப்பற்றவும் கூடும்.

ஆகவே தூசியைத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் உலர்ந்த துணியால் தேய்த்தால் வேறொரு தொல்லை. கண்ணாடியைத் துணியால் தேய்க்கும்போது மின்னூட்டம் ஏறுவதை நிலைமின்னியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். மின்னூட்டம் பெற்ற இழை சுற்றியுள்ள தூசியைத் தானே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும்.

ஏன் ஆல்கஹால்?

இதற்காகத்தான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற நீர்மத்தைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். இந்த ஆல்கஹாலுக்கு அது சுமார் 22 மட்டுமே. எண்ணெய்ப்பசையுள்ள பரப்பில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ஆல்கஹால் பரவி, குறுகிய பள்ளத்துக்குள்ளும் தூசியின் அடிப்பக்கத்துக்கும் புகுந்துவிடும். விரலின் எண்ணெய்ப்பசையைக் கரைக்கும். பிறகு தடம் விடாமல் ஆவியாகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டுக் கரைசல் இதற்கு உதவாது. அதில் உள்ள நீர் மெல்ல உலர்ந்து கறையை விட்டுச் செல்லும். 99 விழுக்காடு தூய்மையுள்ளதே வேண்டும். குப்பியைத் திறந்தே வைத்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எனவே வேலை செய்வோர் அழுத்தினால் மட்டும் சிறிதளவு தரும் மூடியுள்ள குப்பியை வைத்திருப்பார்கள்.

துடைப்பதிலும் முறை இருக்கிறது. நூல் உதிராத துணியை எடுத்து, ஒரே திசையில் துடைக்க வேண்டும்; முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கு திரும்ப வந்துவிடும். ஒருமுறை பயன்படுத்திய இடத்தை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. பள்ளத்தை மெல்லிய பஞ்சுக்குச்சியால் துடைத்த பிறகும் பிடிவாதமாக ஒரு துகள் இருந்தால், வெட்டிய இழைத்துண்டின் நுனியாலேயே பள்ளத்தின் வழியே மெல்லத் தள்ளி வெளியேற்றுவார்கள். 125 மைக்ரான் பள்ளத்துக்கு 125 மைக்ரான் இழையைவிடப் பொருத்தமான துடைப்பம் ஏது? இழையை அமுக்கிப் பிடிக்கும் பிடிகளையும் இதுபோலவே துடைக்க வேண்டும். காமிராவின் வில்லையை நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமிட்டுத் துடைத்து, உலர்ந்த குச்சியால் முடிக்க வேண்டும். வில்லையில் அழுக்கிருந்தால் கருவி இழையைத் தவறாகப் பார்க்கும்; இணைப்பின் இழப்பையும் தவறாக மதிப்பிடும். திரையில் காட்டும் எண், படத்தைப் பார்த்துக் கருவி போடும் மதிப்பீடு என்பதை மறக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் செய்யும்போது கருவியின் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் பொருள். அது முழுவதும் உலர்ந்த பிறகே மின்வில்லை எழுப்பலாம்.

வெட்டியும் அதன் கத்தியும்

கிளீவர் உண்மையில் இழையை வெட்டுவதில்லை. அதன் கடினமான கத்தி, இழையின் பக்கத்தில் நுண்ணிய ஒரு கீறலைப் போடுகிறது. பிறகு இழை வளைக்கப்படும்போது அக்கீறலிலிருந்து விரிசல் கிளம்பிக் குறுக்கே ஓடிக் கண்ணாடியை நேராகப் பிளக்கிறது. கண்ணாடியின் வலிமை அதன் மேற்பரப்பிலுள்ள கீறல்களைப் பொறுத்தது என்பதை 1921இல் வெளியான ஆய்வில் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலார் விளக்கினார். கண்ணாடிக் கடைக்காரர் வைரமுனையால் கோடு கிழித்துவிட்டு, சட்டென்று ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தத்துவம் அதுவே.

இந்த முறிவு இழையின் அச்சுக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். ஒரு பாகை சாய்ந்தால்கூட, 125 மைக்ரான் விட்டத்தில் ஒரு விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் 2 மைக்ரானுக்குச் சற்று மேல் வேறுபாடு வந்துவிடும். வெட்டியின் ரப்பர் பிடிகளில் கண்ணாடித் தூள் படிந்திருந்தால் இழை சாய்ந்து நிற்கும், முறிவும் சாயும். அந்தத் தூளே இழையில் வேண்டாத கீறல்களைப் போடும். கிரிஃபித் சொன்னபடி, அந்தக் கீறல் என்றாவது ஒருநாள் விரிசலாக வளரலாம். ஆகையால் கத்தி விளிம்பையும் பிடிகளையும் ஆல்கஹால் தோய்ந்த குச்சியால் துடைத்துவர வேண்டும். கத்தி வட்ட வடிவமானது. ஒரு பகுதி மழுங்கினால் திருப்பி அடுத்த பகுதியைக் கொண்டுவரலாம். பல கிளீவர்களில் இப்படி 16 நிலைகள் உண்டு.

இங்கே ஒரு விதியை மனத்தில் வையுங்கள்: துடைத்தபின் வெட்டு, வெட்டியபின் துடைக்காதே. வெட்டிய முகம் கண்ணாடி தன் வாழ்நாளில் அடையும் மிகத் தூய்மையான முகம். அதை எந்தத் துணியால் தொட்டாலும் அழுக்குத்தான் சேரும். தொட்டுவிட்டால் மறுபடி வெட்டுவதே வழி. ஒட்டிய பிளாஸ்டிக் துணுக்கோ விரல் எண்ணெயோ நுனியில் இருந்தால், மின்வில்லில் எரிந்து வாயுவாகி, உருகிய கண்ணாடிக்குள் குமிழியாகச் சிக்கிக்கொள்ளும்.

மின்முனைகளும் மலையேற்றமும்

ஒவ்வொரு முறை மின்வில் எரியும்போதும் சிறிதளவு கண்ணாடி ஆவியாகி மின்முனைகளின் நுனியில் வெண்மையாகப் படியும். நாளடைவில் மின்வில் ஓரிடத்தில் நில்லாமல் அலையும். வெப்பம் ஒரே சீராக இராது. நுனியைச் சுரண்டியோ உப்புத்தாளால் தேய்த்தோ சரிசெய்ய முயல்வது தவறு. கூர்மை கெட்டால் மின்வில் வழிதவறும். பல கருவிகளில், வலுவான மின்விற்களைத் தொடர்ந்து எழுப்பிப் படிவை எரித்து நீக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கும் பணியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மாதிரிக்கேற்ப ஏறத்தாழ 1,000 முதல் 5,000 மின்விற்கள் வரை மின்முனைகள் உழைக்கும். கருவியே எண்ணிக்கை வைத்திருக்கும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுவார்கள். நுனியை விரலால் தொட மாட்டார்கள்.

மாற்றியபின் மின்வில்லை அளந்து சீராக்க வேண்டும். இரு இழை நுனிகளை இடைவெளி விட்டு வைத்து மின்வில்லை எழுப்பினால், நுனிகள் உருகிச் சற்றுப் பின்வாங்கும். எவ்வளவு பின்வாங்கின என்பதைக் காமிராவால் அளந்து, கருவி தன் மின்னோட்டத்தைத் திருத்திக்கொள்ளும்.

இதே அளவீடு இடம் மாறும்போதும் தேவைப்படும். மின்வில் காற்றின் வழியே பாய்கிறது அல்லவா? மேட்டுப்பாளையத்தில் நன்றாக வேலை செய்த கருவியை உதகமண்டலத்துக்குக் கொண்டுபோகிறோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். காற்று அடர்த்தி குறைந்ததால் மின்வில்லின் வெப்பமும் மாறிவிடும். இன்றைய கருவிகள் காற்றழுத்தத்தை உணர்ந்து தாமே ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆயினும் தேர்ந்த பணியாளர் மலையேறியவுடன் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குவார்.

நான் கற்ற பாடம்

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் பழகுவதற்காக நிலையான பள்ளமுள்ள ஓர் எளிய ஸ்பிளைசர் இருக்கிறது. தொடக்கத்தில் அது 0.03 டெசிபெல் அளவில் இணைப்புகளைத் தந்தது. சில வாரங்களில் 0.2, 0.3 என்று ஏறிவிட்டது. குறிப்பாக ஒரு மாணவன் செய்தவை எல்லாமே மோசமாக அமைந்தன. "உனக்குக் கை நிதானம் போதாது" என்று மற்றவர்கள் எதிரில் அவனிடம் சொல்லிவிட்டேன். பிறகு மின்முனைகள் தேய்ந்திருக்கும் என்று எண்ணிப் புதியவை வாங்கி மாற்றினேன். பயனில்லை.

கடைசியில் அந்த மாணவன்தான், "ஐயா, பள்ளத்தை நுண்ணோக்கியில் பார்க்கலாமா?" என்று கேட்டான். பார்த்தோம். ஒரு பக்கத்துப் பள்ளத்தின் சுவரில் மேற்பூச்சுப் பிளாஸ்டிக்கின் மெல்லிய சீவல் ஒன்று ஒட்டியிருந்தது. உரித்தபின் இழையைச் சரியாகத் துடைக்கிறார்களா என்று நான் கவனிக்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளத்தைத் துடைக்கக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. ஒரு பஞ்சுக்குச்சி, இரண்டு சொட்டு ஆல்கஹால். மறுபடியும் 0.03 வந்துவிட்டது. மற்ற மாணவர்கள் எதிரிலேயே அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். கருவி பிழை காட்டும்போது கையைக் குறைசொல்வதற்கு முன் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் முதல் பயிற்சி இழையை ஒட்டுவது அன்று, கருவியைத் துடைப்பது.

கண்ணையும் விரலையும் காத்துக்கொள்ளுங்கள்

இழையைக் காப்பது போல நம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். வெட்டி எறிந்த இழைத் துண்டு தோலில் தைத்தால் கண்ணுக்குத் தெரியாது. உடைந்து உள்ளேயே தங்கும். கண்ணில் பட்டால் பெரும் கேடு. அதனால் துண்டுகளை ஒவ்வொன்றாக மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுவார்கள். வேலை செய்யும் இடத்தில் கறுப்பு விரிப்பைப் போட்டால் விழுந்த துண்டு பளிச்சென்று தெரியும். அங்கே அமர்ந்து எதையும் தின்னக் கூடாது. இழையில் செல்லும் ஒளி அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குப் புலப்படாது. "இருட்டாகத்தானே இருக்கிறது" என்று இழை நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது ஆபத்து. சாலையோரத்தில் அறுந்து கிடக்கும் வடத்தைக் கண்டால் நீங்களும் தொடாதீர்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசைமேல் படுக்க வைத்து, முகத்தூளைச் சிறிதளவு தூவுங்கள். (விளிம்பு மழுங்கிய கண்ணாடியாக இருக்கட்டும்.) இப்போது வாயால் பலமாக ஊதுங்கள். பெரும்பாலான தூள் போய்விடும். பிறகு டார்ச் விளக்கைக் கண்ணாடியின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, சாய்வாக ஒளி பாய்ச்சிப் பாருங்கள். சுத்தமாகிவிட்டது என்று நினைத்த இடத்தில் நூற்றுக்கணக்கான துகள்கள் மின்னும். அடுத்து ஒரு பாதியை உலர்ந்த துணியாலும் மறு பாதியைச் சற்றே ஈரமான துணியால் ஒரே திசையிலும் துடையுங்கள். மறுபடி விளக்கைப் பிடித்து இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். ஒட்டுவிசையைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் உங்கள் கண்முன் தெரியும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்த அத்தீவு மக்களின் படிப்பு, மருத்துவம், வாணிகம் எல்லாம் இன்று அந்த இழைகளின் வழியே செல்லும் ஒளியைச் சார்ந்திருக்கின்றன. கடலடியில் இத்தகைய வடம் ஒன்று அறுந்தால், கப்பல் சென்று இரு முனைகளையும் மேலே தூக்கி, கப்பலுக்குள்ளேயே இழைகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அங்கேயும் ஒருவர் முதலில் இழையைத் துடைப்பார்; பள்ளத்தைத் துடைப்பார்; கத்தியைத் துடைப்பார்.

அடுத்த முறை சாலையோரத் தார்ப்பாய் நிழலில் ஒருவர் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டால், நேரத்தை வீணாக்குகிறார் என்று எண்ண மாட்டீர்கள் அல்லவா? ஒட்டுவது கருவியின் வேலை. அந்த ஒட்டு நிலைப்பதும் நிலைக்காததும் அவர் கையிலுள்ள துணியில் இருக்கிறது.